ஊசியில் நூல் கோப்பவள் கையில் எதற்கு வெள்ளைக் கோல்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த செவ்வாய்க்கிழமை காலை செல்லூரிலிருந்து சிம்மக்கல் போகும் டவுன் பஸ்ஸில், மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் உட்கார்ந்து ஓர் அளவுச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாண வீட்டுக்குத் தைக்க வேண்டிய ஆறு ரவிக்கைகளின் அளவு அது. மடக்கிய வெள்ளைக் கோல் மடியில் இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “ஏம்மா, இவ்வளவு பொடி எழுத்தைப் படிக்கிறாய், கண் தெரியாதவர்கள் கோலையும் வைத்திருக்கிறாய். ஒரு சீட்டுக்காக இப்படியுமா நடிப்பார்கள்?” என்றார். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவில்லை. “காசு கொடுத்தால் எந்த அட்டையும் கிடைக்கும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. சிம்மக்கல்லில் இறங்கிய பிறகுதான் என் கை நடுங்குவது தெரிந்தது.

அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால், அவர் மனத்தில் இருந்த எண்ணம்தான் என் அண்ணனுக்கும் நாத்தனாருக்கும் இருந்தது. எனக்கே பதினோரு வருடம் இருந்தது. கோல் பிடித்தவருக்கு எதுவுமே தெரியக் கூடாது, ஏதாவது தெரிந்தால் கோல் பிடிக்கக் கூடாது என்ற எண்ணம். அது என் இடது மணிக்கட்டை முறித்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 53. முப்பது வருடமாக வீட்டிலேயே தைக்கிறேன். பத்தாம் நம்பர் ஊசியில் நூல் கோக்க வாசிப்புக் கண்ணாடி போட்டால் போதும். ஆனால் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் வைத்த டம்ளர் எனக்குத் தெரியாது. வாசலில் பேரப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் தெரியாது. எதிரே வருபவரின் மூக்குக் கண்ணாடி தெரியும். அவர் பிடித்துக்கொண்டு வரும் சைக்கிள் தெரியாது. கையை நேராக நீட்டி முஷ்டியை மடக்கிப் பாருங்கள். அந்த முஷ்டி மறைக்கிற அளவு இடம்தான் என் உலகம். அதற்குள் இருப்பதெல்லாம் தெளிவு. அதற்கு வெளியே இருட்டுக்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின்மையை இரண்டு வகையாக அளக்கிறது. ஒன்று, எவ்வளவு தூரத்து எழுத்து தெரிகிறது என்பது. மற்றொன்று, எவ்வளவு அகலம் தெரிகிறது என்பது. அகலம் 10 டிகிரிக்குக் குறைந்தால், எழுத்து எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், சட்டத்தின் கணக்கில் அது பார்வையின்மைதான். பஸ்ஸில் இருந்த பெரியவர் வாங்கிப் பார்க்காத அட்டையில் இருப்பது அதுதான்.

இந்த நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. உலகில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் சாகின்றன. அதனால் சின்ன வயதிலேயே இரவில் தடுமாற்றம் வந்துவிடும். பிறகு ஓரங்களிலிருந்து பார்வை சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் இருப்பது பலருக்குக் கடைசி வரை கொஞ்சம் மிஞ்சும். எங்கள் வீட்டில் இதை மாலைக்கண் என்றார்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் என்று அம்மா ஊட்டாதது இல்லை. சத்துக் குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது மருந்து, என்னுடையது வேறு. ஏழு வயதில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க விடியற்கருக்கலில் வைகைக்குக் கூட்டிப் போனார்கள். தீவட்டி வெளிச்சம் மட்டும் தெரிந்தது, சுற்றி நின்ற லட்சம் பேரில் ஒருவர்கூடத் தெரியவில்லை. அப்பாவின் துண்டு நுனியை விடிகிற வரை விடாமல் பிடித்திருந்தேன். அந்தத் துண்டின் ஈரம் இன்னும் கையில் இருக்கிறது.

என் அம்மா தன் தாய்மாமனையே மணந்தவர். எனக்கு வந்த வகைக்கு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே பழுதான மரபணு வர வேண்டும். நெருங்கிய உறவுக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கூடிவிடுகிறது. முறைப்பையன் முறைப்பெண் என்று பேசி முடிக்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். என் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்ல அன்று யாரும் இல்லை.

மதுரையில் பிறந்தவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. கண் வைத்தியத்துக்குப் பேர்போன ஊர் இது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையால் பார்வை திரும்பாத குடும்பம் இந்த வட்டாரத்தில் குறைவு. என் பாட்டிக்கும் கண்புரை எடுத்து, மறுநாள் கட்டவிழ்த்ததும் என் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அதனாலேயே இந்த ஊரில் கண் என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் வெளிச்சம் என்று மனத்தில் பதிந்துவிட்டது. கோலோடு ஒருத்தியைப் பார்த்தால் பூக்காரம்மாவிலிருந்து வாத்தியார் வரை எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா?” போனேன். பலமுறை போனேன். இந்த நோயில் ஒரே ஒரு மரபணுக் கோளாறுக்கு மட்டும் 2017-இல் அமெரிக்காவில் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அது என்னுடைய வகைக்கு உதவாது. ஆபரேஷனால் இது சரியாகாது என்பதை ஒவ்வொரு தெருமுனையிலும் ஒவ்வொருவரிடமும் விளக்க முடியாமல்தான், 38 வயதில் சான்றிதழோடு கையில் கொடுத்த கோலை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பிறகு மகளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். “அண்ணி, கோலைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகாதீர்கள், பெண்ணுக்கும் வரும் என்று பேசுவார்கள்” என்றாள் நாத்தனார். அன்பினால்தான் சொன்னாள். நானும் கேட்டேன். தெரிந்த தெருவில் சுவரோரம் கையால் தடவிக்கொண்டே போவேன். தெரியாத இடத்தில் மகளின் தோளைப் பிடிப்பேன். எதிரில் வரும் தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்லாமல் போனதால் தலைக்கனம் பிடித்தவள் என்ற பெயர் வந்தது. அதையும் தாங்கினேன். பார்வை இல்லாதவள் என்ற பெயரைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது.

நான்கு வருடத்துக்கு முன், தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, வீட்டிலிருந்து நாற்பது அடி தூரத்தில், காலையில் இல்லாத ஒரு பள்ளத்தில் மாலையில் விழுந்தேன். குழாய்க்காகத் தோண்டியது. சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்களாம். கயிறு என் முஷ்டிக்குள் வரவில்லை. ஆறு வாரம் மாவுக்கட்டு. வெட்டி வைத்த ரவிக்கைத் துணிகளை வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவரும் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. அந்த ஆறு வாரத்தில் ஒருநாள் பீரோவைத் திறந்து கோலை வெளியே எடுத்தேன். நான்கு துண்டு அலுமினியக் குழாய், உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறு. மடக்கைப் பிரித்து உதறியதும் டக், டக், டக் என்று தானாகவே கோத்துக்கொண்டு நேராக நின்றது. ஒற்றைக் கையாலேயே முடிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு, நடமாட்டப் பயிற்சி தரும் ஓர் இடத்தில் சேர்ந்தேன். வாரம் மூன்று நாள், மூன்று மாதம். சொல்லிக்கொடுத்த அக்காவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. முதல் நாள் என் பழைய கோலை வாங்கித் தன் விரலால் அளந்துவிட்டு, “இது உங்களுக்குக் குட்டை, நுனி தட்டுப்படும்போது கால் அங்கே போய்விட்டிருக்கும்” என்றார். கோல் நெஞ்சுக்குழி வரை இருக்க வேண்டுமாம். என் அளவு நாடாவாலேயே அளந்தோம்: 44 அங்குலம். முப்பது வருடமாக ஊரார் உடம்பையெல்லாம் அளந்த நாடா அது.

இரண்டாம் நாள் கண்ணைக் கட்டினார்கள். நான் மறுத்தேன். இருக்கிற கொஞ்சத்தையும் எதற்கு மறைக்க வேண்டும் என்று அழுகையே வந்துவிட்டது. அக்கா பொறுமையாகச் சொன்னார்: “கண் திறந்திருந்தால் நீங்கள் கோலின் நுனியையே பார்த்துக்கொண்டு நடப்பீர்கள். அது காட்டுவதைக் கை கேட்காது.” உண்மைதான். கட்டிய பிறகே கைக்குக் காது முளைத்தது. கைகுலுக்குவதுபோல் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கைப்பிடியின் மேல் நீட்டி, கையைத் தொப்புளுக்கு நேரே வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மட்டும் ஆட்ட வேண்டும். இடது கால் முன்னே போகும்போது நுனி வலப்பக்கம் தட்ட வேண்டும். வலது கால் போகும்போது இடப்பக்கம். அடுத்த கால் விழப்போகும் இடத்தை நுனி முன்னதாகவே போய்த் தொட்டுவிடுகிறது. தோளைவிட இரண்டு விரல் அகலத்துக்கு மேல் வீசக் கூடாது; வீசினால் பக்கத்தில் போகிறவர் காலில் படும். பெடல் மிதிக்கும் காலும் துணி தள்ளும் கையும் ஒன்றோடொன்று சேர எனக்குப் பதினெட்டு வயதில் ஒரு மாதம் ஆனது. கோலும் காலும் சேர ஏழு வாரம் ஆனது.

சிமென்ட் தரையின் சத்தம் வேறு, சாக்கடை மூடியின் சத்தம் வேறு. மணல் சத்தமே போடாது, நுனியைப் பிடித்துக்கொள்ளும். சுவர் முடிந்து சந்து தொடங்கும் இடத்தில் கன்னத்தில் காற்று படும், தட்டும் ஒலி திரும்பி வராது. பஸ்ஸில் ஏறும்போது கோலை நிமிர்த்திப் பிடித்தால் நுனி படியின் முகத்தில் இடிக்கும். அதிலேயே உயரம் தெரிந்துவிடும். பத்தாவது வாரம், பயிற்சி இடத்துக்கு வெளியே ஒரு தெருவில், நுனி திடீரென்று எதன் மேலும் படாமல் கீழே போனது. நின்றேன். கண்கட்டை அவிழ்த்துக் குனிந்து தேடினேன். அதே மாதிரிப் பள்ளம். அதன் விளிம்பிலிருந்து என் செருப்பு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றார்.

பயிற்சிக்கு நடுவே அக்கா இந்தக் கோலின் கதையையும் சொன்னார். 1921-இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர், விபத்தில் பார்வை போன பிறகு, வண்டிக்காரர்கள் கண்ணில் படட்டும் என்று தன் கைத்தடிக்கு வெள்ளை பூசினார். 1931-இல் பாரிசில் கியி டெர்பெமோன் என்ற அம்மையார் வெள்ளைத் தடிகளை வழங்கும் இயக்கத்தைத் தொடங்கினார். ஆனால் அன்றைய தடிகள் குட்டையானவை, அடையாளத்துக்கு மட்டும். 1944-இல், போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர்தான் அதை நீளமாக்கி, தரையைத் தொட்டுத் தொட்டு நடக்கும் முறையை வகுத்தார். ஆக, கோலின் வெள்ளை நிறம் உங்களுக்காக, நீளம் எங்களுக்காக. அக்டோபர் 15-ஐ வெள்ளைக் கோல் நாளாக 1964 முதல் அமெரிக்காவில் கடைப்பிடிக்கிறார்கள். நம் ஊரிலும் அன்று ஊர்வலம் நடத்துகிறார்கள். ஊர்வலத்தில் போகிறவர்களில் கொஞ்சம் பார்வை உள்ளவர்களும் இருப்பார்கள் என்பதை மேடையில் யாராவது சொன்னால் நல்லது.

இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் தனியாகச் சாமான் வாங்கப் போகிறேன். லைனிங் துணி, கொக்கி, நூல்கண்டு. சிம்மக்கல்லில் இறங்கித் தெற்கே திரும்பினால் வடக்கு வெளி வீதி, வடக்கு மாசி வீதி, வடக்கு ஆவணி மூல வீதி, வடக்குச் சித்திரை வீதி என்று நான்கை எண்ணினால் கோயில். இப்படிச் சதுரத்துக்குள் சதுரமாகத் தெரு போட்டவர்கள் எங்களை நினைத்துத்தான் போட்டார்களோ என்று தோன்றும். கல் பாவிய சித்திரை வீதியில் கோலின் சத்தம் மாறிவிடும், வண்டிச் சத்தம் அடங்கிவிடும், மல்லிகைக் கூடைகளின் வாசம் வரும். அங்கே வந்ததும் தோள் தானாக இறங்கும். பதினோரு வருடம் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கடந்த வீதி. அப்போதெல்லாம் தரையைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. தரையைக் கோல் பார்த்துக்கொள்வதால் இப்போது நான் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்க்கிறேன். மிஞ்சிய பார்வைக்கு அதைவிட வேறென்ன வேலை?

கோல் எல்லாவற்றையும் காட்டாது. இடுப்புக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, பந்தலுக்குக் கட்டிய குறுக்குக் கயிறு, கடை வாசலில் முகத்துக்கு நேரே தொங்கும் பொருள்கள் இவற்றிலெல்லாம் நெற்றி அடிபட்டிருக்கிறேன். பேட்டரி ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் வந்து உரசுகின்றன. ஓட்டுகிறவர்கள் கோலைப் பார்த்தால் ஒரு ஹாரன் அடிக்க வேண்டும். சில நடைபாதைகளில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ஜப்பானில் செயிச்சி மியாக்கே என்பவர் 1965-இல் கண்டுபிடித்து, 1967-இல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதித்த ஓடு அது. நீளக் கோடுகள் என்றால் நடக்கலாம், புள்ளிகள் என்றால் நிற்க வேண்டும். அந்த ஓட்டின் மேல் மர ஸ்டூல் போட்டிருந்த ஒரு டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். “அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன் தாயி” என்று உடனே தூக்கி உள்ளே வைத்தார். அடுத்த வாரமும் அங்கே ஸ்டூல் இல்லை.

உதவி செய்ய வருகிறவர்கள் தயவுசெய்து முதலில் கேளுங்கள். கேட்காமல் கோலின் நுனியைப் பிடித்து இழுக்கிறார்கள். அது ஓடுகிற வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பது போன்றது. உங்கள் முழங்கையைக் கொடுத்தால் நான் அதற்கு மேலாகப் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவேன். நீங்கள் படி இறங்குவது உங்கள் கையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். “அதோ அங்கே” என்று கை காட்டாமல், இடது, வலது என்று சொல்லுங்கள். கோல் வைத்திருப்பவர் போன் பார்த்தால் சந்தேகப்படாதீர்கள். என்னோடு பயின்ற பெண்ணுக்குத் துளியும் பார்வை இல்லை. போன் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைக் காதில் கேட்டுக்கொண்டே வாட்ஸ்அப் செய்தி அனுப்புவாள்.

மகளின் கல்யாணம் பற்றிக் கேட்பீர்கள். கோலோடுதான் போய் உட்கார்ந்தேன். என் கணவர் எங்களுக்குச் சொந்தம் இல்லை, அந்நியம். அதனால் மகளிடம் அந்தப் பழுது ஒற்றையாக இருக்கிறது, அவளுக்கு நோய் வராது, சொந்தத்தில் கட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை அப்படியே சொன்னோம். முதல் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். இரண்டாவது வீட்டில் மாப்பிள்ளையின் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கோலைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை நோயால் ஓரக்கண் மங்கி இரண்டு வருடமாம், வெளியே சொல்லவில்லையாம். இப்போது அவரும் அதே அக்காவிடம் போகிறார். பேரப்பிள்ளைக்கு ஒன்றரை வயது. என் கோலை மடக்கிப் பிரிப்பதுதான் அவனுக்கு விளையாட்டு.

பஸ்ஸில் பேசிய பெரியவர் தங்கள் பத்திரிகையின் வாசகராகவும் இருக்கலாம். அவருக்கு ஒரு வார்த்தை. ஐயா, நீங்கள் ஏறும்போது படி தவறி, கம்பியைத் தேடிப் பிடித்ததை நான் கேட்டேன். உங்கள் கண்ணையும் ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் செல்லூர் நிறுத்தத்தில்தான் நிற்பேன். கோலைப் பிரித்துத் தருகிறேன், பிடித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
செல்லூர், மதுரை.